இரண்டரை அங்குலம்

அட்லாண்டாவில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும் யாரைக் கேட்டாலும் 2014 ஜனவரி 28 பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். காரிலேயே பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், கடைத் தரையில் அட்டைப்பெட்டியை விரித்துத் தூங்கியவர், நெடுஞ்சாலையில் வண்டியை விட்டுவிட்டு இறங்கி நடந்தவர். பிறந்தநாள் விருந்துகளில் இந்தப் பேச்சு எழுந்தால் ஆண்களின் குரல் கொஞ்சம் உயரும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். போருக்குப் போய் வந்தவர் மாதிரி சொல்வார்.

என் கதை வேறு. அன்றைக்கு என்னிடம் கார் இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது.

அமெரிக்கா வந்து அப்போது ஒன்றரை வருஷம். எச்-4 விசா, வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன், இரண்டு முறையும் பேரலல் பார்க்கிங்கில். வீடு ஜான்ஸ் க்ரீக்கில், ஸ்டேட் பிரிட்ஜ் சாலையை ஒட்டிய ஒரு அபார்ட்மெண்ட். அவருக்கு பக்ஹெட் பக்கம் ஆபீஸ். இருந்த ஒரே பழைய கரோலா காலையில் அவரோடு போய்விடும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நான் அந்த வளாகத்துக்குள்தான். பால் வாங்கக்கூட ஒன்றரை மைல் போக வேண்டும். தூரம் ஒரு பொருட்டில்லை, ஊரில் இதைவிட அதிகம் நடந்திருக்கிறேன். ஆனால் இங்கே நடைபாதை ஒரு குடியிருப்பின் வாசலில் தொடங்கி, அந்தக் குடியிருப்பு முடிகிற இடத்திலேயே தானும் முடிந்துவிடும். அதற்கப்புறம் புல்சரிவு, அதை உரசிக்கொண்டு கார்கள். ஒருமுறை கொத்தமல்லி வாங்க நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டி, உங்கள் கார் எங்காவது நின்றுவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார். ஒரு பெண் சாலையோரம் நடப்பதற்கு அவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு பஸ். நாலுதான், ஆனாலும் நாலு உண்டு. இங்கே நாங்கள் இருந்த சாலையில் ஒன்றுமே கிடையாது. அம்மாவிடம் போனில் சொன்னால் நம்ப மாட்டாள். "ஏட்டி, அம்புட்டுப் பெரிய ஊருங்க, ஒரு மினி பஸ்ஸு கூடவா விடமாட்டான்?"

அந்தச் செவ்வாய்க்கிழமை அதிகாலை மூன்றரை மணி வாக்கிலேயே வானிலை மையம் பனிப்புயல் எச்சரிக்கையை அறிவித்துவிட்டது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பனி நகரத்துக்குத் தெற்கே தள்ளி விழும், நமக்கெல்லாம் லேசாகத் தூவிவிட்டுப் போகும் என்பதுதான் முந்தின நாள் பேச்சு. பள்ளி உண்டு, ஆபீஸ் உண்டு. ஐந்து வயசு மகள் மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் போனாள். அவர் கிளம்பும்போது காரில் கிடந்த போன் சார்ஜர் வயரை நான் உருவி வைத்துக்கொண்டேன். என்னுடையது அறுந்திருந்தது. "சாயங்காலம் வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க" என்றேன். இந்த வயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் பன்னிரண்டு வாக்கில் விழ ஆரம்பித்தது. பால்கனியில் நின்று கையை நீட்டினேன். உள்ளங்கையில் விழுந்து, இருந்ததே தெரியாமல் போனது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு மணிக்கு அவர் கூப்பிட்டார். "எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. கிளம்பிட்டேன். ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்."

அவர் மட்டுமா கிளம்பினார்? பள்ளிகள், அரசு அலுவலகங்கள், கம்பெனிகள் எல்லாம் ஓரிரண்டு மணி நேர இடைவெளிக்குள் ஆட்களை வெளியே விட்டன. அட்லாண்டா நகரத்தின் மக்கள்தொகை அன்றைக்கு நாலரை லட்சம்தான். சுற்றியுள்ள புறநகர்களையும் சேர்த்தால் 55 லட்சம். வேலை ஓரிடம், வீடு இருபது முப்பது மைல் தள்ளி. சாதாரண நாளில் காலை ஆறு முதல் பத்து வரை, மாலை மூன்று முதல் ஏழு வரை என்று பிரிந்து போகிற கூட்டம், அன்று ஒரே சமயத்தில் சாவியைத் திருகியது. விழுந்த பனியை டயர்கள் அழுத்தின. அழுத்தியதில் கொஞ்சம் உருகி, உறைநிலைக்குக் கீழே இருந்த குளிரில் திரும்பவும் உறைந்து, தார்ச்சாலை மேல் கண்ணாடி பதித்த மாதிரி ஆகிவிட்டது. உப்பும் மணலும் தூவும் லாரிகள் இருந்தன. ஆனால் அவையும் அதே சாலையில், கார்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. ஏற்றங்களில் பெரிய டிரக்குகள் வழுக்கிக் குறுக்கே விழுந்து, மிச்சமிருந்த வழியையும் அடைத்தன.

இரண்டரை அங்குலத்துக்கா இந்தப் பாடு என்று வடக்கு மாநிலத்துக்காரர்கள் அந்த வாரம் முழுக்கச் சிரித்தார்கள். தெற்கத்திக்காரர்களுக்குப் பனியில் ஓட்டத் தெரியாதாம். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. ஐஸ் மேல் யாருக்கும் ஓட்டத் தெரியாது. பனிக்குப் பழகிய ஊர்களில் சாலையில் அந்த ஐஸ் உருவாவதற்குள் உப்பு லாரி போய்விடுகிறது, அவ்வளவுதான். இங்கே லாரி போக இடமில்லை. பனி வந்து சாலையை அடைக்கவில்லை. நாங்கள் அடைத்து வைத்திருந்த சாலையின் மேல் பனி விழுந்தது.

இரண்டரை மணிக்குப் பள்ளியிலிருந்து பதிவுசெய்த குரல் அழைத்தது. முதல் நடைக்குப் போன பஸ்கள் திரும்பவில்லை, பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், பெற்றோர் நேரில் வந்து கூட்டிப் போகலாம். நேரில் என்றால் காரில். அவரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் 400-லேயே ஏறல. ஆபீஸ் பில்டிங் இங்கிருந்து தெரியுது."

கீழ் வீட்டுத் தெலுங்குப் பெண் உடனே சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள், நல்ல மனசு. வளாகத்து வாசல் சரிவிலேயே அவளுடைய வேன் பக்கவாட்டில் வழுக்கி, ஒரு வேப்பமரம் போல அசையாமல் குறுக்கே நின்றுவிட்டது. "ஸாரி அக்கா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

நடந்து போகலாம் என்று முடிவெடுத்தேன். மூன்று மைல்தான். அவருடைய ஜாக்கெட், அதற்குள் என் ஸ்வெட்டர், சாக்ஸுக்கு மேல் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஷூ. கையில் பாஸ்போர்ட், அடையாளம் காட்டாமல் பிள்ளையை விடமாட்டார்கள் என்று.

ஸ்டேட் பிரிட்ஜ் சாலையை அப்படி ஒரு மௌனத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பனி சத்தத்தை உறிஞ்சிவிடுகிறது. ஒவ்வொரு காரிலும் ஒரே ஓர் ஆள். நான் எண்ணிக்கொண்டே போனேன், பயத்தை மறக்க ஏதாவது செய்ய வேண்டுமே. நாற்பது கார்களில் ஒன்பதில்தான் இரண்டாவது தலை தெரிந்தது. ஒன்றரை வருஷமாக என்னைத் தாண்டித் தாண்டிப் போன கார்களை அன்று நான் ஒவ்வொன்றாகத் தாண்டினேன். கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். பிள்ளை அங்கே தனியாக இருக்க, எனக்கு இங்கே பெருமை.

நடைபாதை முடிந்த இடத்தில் புல்சரிவில் இறங்கி, இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை எழுந்திருக்கும்போது பக்கத்தில் நின்ற பழைய காரின் கண்ணாடி இறங்கியது. அறுபது வயசிருக்கும் கறுப்பினப் பெண்மணி. எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். தன் கையிலிருந்த கம்பளி உறையைக் கழற்றி நீட்டினார். வேண்டாம் என்றேன். எனக்கு ஹீட்டர் இருக்கிறது என்றார். நீங்கள் எங்கே போகணும் என்று கேட்டேன். க்ளேட்டன் கவுண்டியாம். நாற்பது மைல் தெற்கே. இங்கே ஒரு வயசானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முன்னே அங்கிருந்து பஸ்ஸில் கிளம்பித்தான் வேலைக்குப் போவாராம், பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம்தான் இந்தக் கார் என்றார். காரைக் குறை சொல்கிற தொனியில் அதன் ஸ்டீரிங்கைத் தட்டினார். அதற்குள் முன்னே இருந்த வண்டி ஒரு பத்தடி நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். நான் நடந்தேன்.

பள்ளியை அடைந்தபோது ஐந்தாகப் போகிறது. நூலகத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் என் மகள் ஓடி வரவில்லை. "அம்மா, இரு, முடியப் போகுது" என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடப்பதா? வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, குளிர் இன்னும் இறங்கும் என்றார்கள். ஐந்து வயசுக் காலுக்கு மூன்று மைல் ஐஸ். ஒரு டீச்சர் என் ஷூவைப் பார்த்தார், பிளாஸ்டிக் பையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியைக் காட்டினார். அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், அவராலும் போக முடியவில்லை. கேன்டீன் பெண்கள் மறுநாளைக்கு வைத்திருந்ததையெல்லாம் எடுத்துச் சூடாக்கினார்கள். ராத்திரி உடற்பயிற்சிப் பாய்களை விரித்துப் படுத்தோம். அந்த இரவு அட்லாண்டா வட்டாரத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிகளில் தூங்கினார்கள் என்று பிறகு செய்தியில் படித்தேன். சில பிள்ளைகள் பஸ்ஸிலேயே இரவு வரை இருந்தார்கள். ஐ-285 வட்டச்சாலையில் நின்றுபோன காருக்குள் ஒரு குழந்தை பிறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகள்.

எனக்கு அன்று இவ்வளவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்பதரை மணிக்கு வந்த போன்தான். "பெட்ரோல் கால் டேங்க்தான் இருக்கு. அணைச்சு அணைச்சுப் போடுறேன். சார்ஜ் வேற அஞ்சு பர்சென்ட். வயரு எங்கனு தேடிட்டிருக்கேன்…" நான் பதில் சொல்வதற்குள் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தேன். அணைக்கப்பட்டுள்ளது. பத்து மணி, பதினொன்று, இரண்டு, நாலு. அணைக்கப்பட்டுள்ளது. வயர் என் கைப்பையில் இருந்தது. மூடிய காரில் ஹீட்டர் போட்டுத் தூங்கினால் புகை உள்ளே வரும் என்று எங்கோ படித்தது அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வர வேண்டுமா? மகள் என் மடியில் தலைவைத்து நன்றாகத் தூங்கினாள். நான் அவளுடைய பல் கடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, தெரிந்த சாமிகள் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஏழேகாலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ராஸ்வெல் தாண்டுவதற்குள் பெட்ரோல் முள் கீழே போய்விட்டதாம். வண்டியை ஓரம் தள்ளிவிட்டு, வெளியேறும் சரிவில் இறங்கி நடந்து, ஒரு மருந்துக்கடையில் ஷாம்பு அலமாரிக்கும் டயப்பர் அலமாரிக்கும் நடுவே படுத்திருக்கிறார். கடைக்காரர்கள் ராத்திரி முழுக்க அடைக்கவில்லை. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் கோபத்தில் திட்டினேன். எதற்குக் கோபம் என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

அவருடைய விருந்துக் கதையில் எப்போதும் விட்டுப்போகும் ஒரு துணுக்கு உண்டு. அதை அவர் ஆபீஸ் நண்பர் ஒருவர்தான் பிறகு சொன்னார். அன்று ஒரு மணிக்கு அந்த நண்பர் காரை ஆபீஸிலேயே விட்டுவிட்டு, பக்ஹெட் ஸ்டேஷனில் மார்ட்டா ரயில் ஏறினார். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் டிராஃபிக் ஏது? அரை மணி நேரத்துக்குள் வடக்கே கடைசி ஸ்டேஷனான நார்த் ஸ்பிரிங்ஸில் இறங்கிவிட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ரயில் இல்லை. எங்கள் பக்கம் வர இன்னும் சுமார் பத்து மைல். அங்கிருந்து போக வேண்டிய பஸ் கார்களுக்கு நடுவே எங்கோ நின்றது. கார்களுக்கு நடுவே ஓடுகிற பஸ் கொஞ்சம் பெரிய கார், வேறொன்றுமில்லை. நண்பர் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்தே தூங்கினார். எப்படியும் என் வீட்டுக்காரரைவிட ஏழு மணி நேரம் முன்னதாகக் கழிப்பறையைப் பார்த்தவர் அவர்.

எட்டுப் பெட்டி ரயில் ஒன்றில் நின்றும் உட்கார்ந்தும் எழுநூறு எண்ணூறு பேர் போகலாம். அதே எண்ணூறு பேரை ஆளுக்கொரு காரில் ஏற்றி, ஒரே வரிசையில் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தினால் சுமார் மூன்று மைலுக்கு நீளும். நான் அன்று நடந்த தூரம்.

ரயில் ஏன் அங்கேயே நிற்கிறது என்று தேட ஆரம்பித்தேன், வேலையில்லாதவளுக்கு நூலக அட்டை பெரிய துணை. பணம் இல்லாமல் நிற்கவில்லை. நிறுத்தப்பட்டது. 1965-இல் மார்ட்டாவுக்கான வாக்கெடுப்பில் காப் கவுண்டி வேண்டாம் என்றது. 1971-இல் வரி போடும் வாக்கெடுப்பில் ஃபுல்டனும் டிகால்பும் மட்டும் சம்மதித்தன. க்ளேட்டனும் குவின்னெட்டும் மறுத்தன. வெள்ளையர்கள் நகரத்தைக் காலிசெய்து புறநகருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ரயில் போட்டால் அதில் யார் ஏறி நம் தெருவுக்கு வருவார்கள் என்பதுதான் பேச்சு. மார்ட்டா என்ற பெயரின் எழுத்துகளை வைத்துக் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் ஒரு விரிவாக்கமே பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்திருக்கிறது. 1979-இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, அது எங்கே போகக் கூடாது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மாநிலத்தின் பெட்ரோல் வரியைச் சாலைக்கும் பாலத்துக்கும் மட்டுமே செலவிடலாம் என்று ஜார்ஜியாவின் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நகரம் ஊதிக்கொண்டே போனது, தண்டவாளம் அப்படியே கிடந்தது.

க்ளேட்டனில் ஓடிக்கொண்டிருந்த பஸ் சேவையைக் காசில்லை என்று 2010-இல் நிறுத்தினார்கள். கையுறை கொடுத்த அம்மா சொன்னது அதைத்தான். புயல் நடந்த அதே 2014-இன் நவம்பரில் க்ளேட்டன் மக்கள் மார்ட்டாவில் சேரப் பெருவாரியாக வாக்களித்தார்கள். அவரும் போய் வாக்களித்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். புதன்கிழமை மதியம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் திரும்பி நடந்தபோது அவருடைய கார் முந்தின நாள் பார்த்த இடத்திலிருந்து கால் மைல் தள்ளி, ஆளில்லாமல், பனி மூடி நின்றது. அவர் எங்கே போனார் என்று தெரியாது.

மேயர் காசிம் ரீட், எல்லோரையும் ஒரே நேரத்தில் வெளியே விட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆளுநரும் மன்னிப்புக் கேட்டார். இரண்டே வாரத்தில், பிப்ரவரியில், அடுத்த புயல் வந்தபோது முன்கூட்டியே எல்லாவற்றையும் மூடினார்கள். சாலைகள் காலி. எல்லோரும் பாராட்டினார்கள். அந்த நகரம் கண்டுபிடித்த தீர்வு, யாரும் வெளியே வராதீர்கள் என்பது. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர், வயசானவரைப் பார்த்துக்கொள்பவர், அவர்கள் எப்படிப் போனார்கள் என்று யாரும் எழுதியதாக நான் படிக்கவில்லை.

நான்? மார்ச்சில் மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினேன். மே மாதம் இரண்டாவது கார். இனி எந்தப் பிள்ளைக்காகவும் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு நடக்கக் கூடாது என்ற வைராக்கியம். அடுத்த புயலில் அந்தச் சிவப்பு விளக்கு வரிசையில் என்னுடையதும் ஒன்றாக இருக்கும் என்று தெரிந்துதான் வாங்கினேன்.

2017-இல் குவின்னெட்டில் வீடு வாங்கினோம். பள்ளி நல்ல பள்ளி, விலையும் கைக்கு எட்டியது. 2019 மார்ச்சில் அந்தக் கவுண்டி மார்ட்டாவில் சேருவது பற்றி மறுபடி வாக்கெடுப்பு வைத்தது. எங்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவர்கள் எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் நிறைய பேர் இருந்தார்கள். குழு ஒரு வாரம் கொதித்தது. ட்ரெயின் வந்தா வீட்டு விலை விழும். க்ரைம் வரும். கண்டவங்களும் வருவாங்க. ஊரில் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போனவர்கள்தான் இதை எழுதினார்கள். இன்னும் யார் வருவார்கள் என்று பயந்து 1971-இல் கதவைச் சாத்தியவர்கள், நாங்களும் வருவோம் என்றுதானே சேர்த்துச் சாத்தியிருப்பார்கள்?

அவரிடம் காட்டினேன். மருந்துக்கடைத் தரையில் தூங்கிய மனுஷன், போனை வாங்கிப் படித்துவிட்டு, "அவங்க சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கும்மா. மார்ட்கேஜ் நாமதான கட்டுறோம்" என்றார். எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. தேர்தலில் ஏறத்தாழ 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர் பேசியதைவிட எனக்கு உறுத்தியது வேறு. முடிவு வந்த ராத்திரி, வீட்டின் விலை என்ன காட்டுகிறது என்று நானும் ஒருமுறை போனில் பார்த்தேன்.

2025 ஜனவரி 10-ஆம் தேதி திரும்ப இரண்டு அங்குலம் விழுந்தது. முதல் நாளே பள்ளியை மூடிவிட்டார்கள், அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மகளுக்கு இப்போது பதினாறு. அந்த இரவைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு ஞாபகம் இருப்பது பாய்களும் சாக்லேட் பாலும்தான். "செம ஜாலியா இருந்துச்சும்மா" என்கிறாள். லைசென்ஸ் வாங்கிவிட்டாள், ஒரே முயற்சியில். பிப்ரவரியிலிருந்து ஐஸ்க்ரீம் கடையில் பகுதிநேர வேலை, ஆறு மைல். கொண்டுவிட்டுக் கூட்டிவர ஒரு மாதம் பார்த்தோம், முடியவில்லை. மூன்றாவது கார் வாங்கினோம், 2012 சிவிக்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் டிக்கியில் ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில், டார்ச் வைத்தேன். கிளவ் பாக்ஸில் சார்ஜர் வயர், இரண்டு. அந்தக் கம்பளிக் கையுறையையும் வைத்தேன்.

"யாருதும்மா இது? பழசா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும், வை" என்றேன்.